துவிச்சக்கரவண்டியும் வழியொழுக்கமும்

வழி என்பது ஒருவர்க்கே உரிய பொருளன்று. வீடும் வளவும் உடையவர் பலர். வீதியைத் தனக்கென உடையவர் எவருமிலர். வீட்டிலே தந்தைக்கு அஞ்சியும், பாடசாலையிலே ஆசிரியர்க்கு அஞ்சியும், ஆலயத்திலே கடவுளுக்கு அஞ்சியும் அடங்கியிருப்பவன், தன்னை அறியாதார் நடுவே எவ்வாறு செல்கின்றான் என்பதைக் கொண்டே, அவன் கற்ற கல்வி அவனுள்ளே சென்றதா, புறத்தே நின்றதா என்று அறியலாகும். வழியொழுக்கம் எனின் அது விரிந்ததொரு பொருள். அதனுள், துவிச்சக்கரவண்டி ஊர்வோர் தம்முடன் வழியைப் பகிர்ந்துகொள்ளும் பிறரிடத்து நடக்கவேண்டிய முறையினை மாத்திரம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இது கல்லூரி மலரில் எழுதத்தக்க பொருளோ என்று வினவுவாரும் உளர். நம் மாணவருட் பெரும்பாலார் நாடோறும் இருமுறையேனும் துவிச்சக்கரவண்டியில் ஏறுகின்றனர். பரீட்சையிலே அவர் எழுதும் விடையை ஆசிரியர் ஒருவரே காண்பர். வீதியிலே அவர் எழுதும் விடையை ஊரே காணும். கல்லூரியின் பெயர் அவர்தம் சட்டைப்பையிற் பொறித்த சின்னத்தோடு ஒழுங்கைதோறும் செல்கின்றது. ஆகவே இது சிறு பொருளன்று என்பது எம் துணிபு.

துவிச்சக்கரவண்டிக்கும் கால்நடையாளர்க்கும் உள்ள பிணக்கு, அவ்வண்டி பிறந்தபொழுதே உடன்பிறந்ததாகும். 1817ஆம் ஆண்டிலே ஜெர்மனி தேசத்துக் கார்ல் டிரைஸ் என்பார், காலால் நிலத்தை உந்திச் செலுத்தும் இருசக்கரப் பொறியொன்றை ஓட்டிக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள்ளே ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில், அப்பொறியை நடைபாதையிலே செலுத்துதல் கூடாதென்று தடை பிறந்தது. 1885ஆம் ஆண்டிலே கவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராலி என்பார், இரு சக்கரமும் ஏறக்குறைய ஒத்த அளவினவாய், சங்கிலியாற் பின்சக்கரம் சுழலும் வண்டியைச் செய்தார். 1888இலே டன்லப் என்பார் காற்றடைத்த றப்பர்ச் சக்கரத்தை வகுத்தார். நாம் இக்காலத்து ஏறும் வண்டி அவ்விரண்டின் வழித்தோன்றலேயாம்.

அந்த 1888ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்திலே ஒரு சட்டம் எழுந்தது. துவிச்சக்கரவண்டியும் வண்டியென்றே கொள்ளப்படும் என்றும், அதனை ஊர்வோர் பிறரை முந்துமுன் மணியடித்தல் முதலியவற்றால் தம் வரவை அறிவித்தல்வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. மணியைப் பற்றிய அவ்விதி 1930ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டது. இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மணியடிக்கும்படி சட்டம் ஏவலாம். எத்துணைத் தூரத்திலே, எத்துணை மென்மையாய், எத்தகைய மனத்தோடு அடிப்பது என்பதைச் சட்டம் ஏவமாட்டாது. நம் நாட்டிலும் 1951ஆம் ஆண்டு முதலாக மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டம் நிலவுகின்றது. சட்டம் சென்று நிற்கும் எல்லைக்கு அப்பாலே தொடங்குவதே மரியாதை.

இனி நம் நாட்டை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாடு மேடுபள்ளம் மிகக் குறைந்த சுண்ணாம்புக்கல் நிலம். ஏறமுடியாத குன்றுமில்லை, இறங்க அஞ்சும் சரிவுமில்லை. ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. துவிச்சக்கரவண்டிக்கென்றே அமைந்தது போன்ற இந்நிலத்திலே, ஆசிரியரும் மாணவரும், கமக்காரரும் கைவினைஞரும், கடற்கரையிலிருந்து பெட்டியிலே மீன் கொண்டுவருவாரும், பாலும் பாணும் விற்பாரும் அதனையே ஊர்தியாகக் கொண்டனர். முன்னே பாரிலே பிள்ளையும், பின்னே கரியரிலே மனைவியுமாக ஒரு குடும்பமே ஒரு வண்டியிற் செல்லும் காட்சி நமக்குப் புதிதன்று.

1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டு, எரிபொருளும் மின்சாரமும் குடாநாட்டுக்கு அற்றுப்போன காலத்திலே, இவ்வண்டியே நம் சனங்களின் உயிர்நாடியாயிற்று. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றது அது. விறகும் நெல்லும் சுமந்தது அது. வண்டியைத் தாங்கியில் நிறுத்தி மிதித்து, அதன் டைனமோவிற் பிறந்த மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் பல. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆந் திகதி, இலட்சக்கணக்கான சனங்கள் ஒரே இரவிலே யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது, நாவற்குழிப் பாலத்தின்மேல் அடிக்கு அடி நெருங்கி நகர்ந்த அந்தக் கூட்டத்திலே, மூட்டைகளும் முதியோரும் பிள்ளைகளும் ஏற்றிய துவிச்சக்கரவண்டிகளை மழையிலே கையால் உருட்டிச் சென்றவர் எண்ணிறந்தோர். வண்டியுடையவன் விரைந்து செல்லவும், வண்டியில்லாதவன் பின்தங்கவும் அன்று வழியிருக்கவில்லை. யாவரும் நடையின் வேகத்திலேயே சென்றனர். நம் பெற்றோருட் பலர் அவ்வழியே நடந்தவர்; அவர்பாற் கேட்டறிக.

2009ஆம் ஆண்டின் பின் நிலைமை மாறிற்று. பெருவீதிகள் அகலமும் வழவழப்பும் பெற்றன. மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் வீடுதோறும் புகுந்தன. முன்பு குழிகளே வேகத்துக்குத் தடையாய் இருந்த வீதியிலே, இன்று வேகத்துக்குத் தடை மனச்சாட்சி ஒன்றேயாயிற்று. 2022ஆம் ஆண்டிலே நாடெங்கும் எரிபொருட் பஞ்சம் நேர்ந்தபோது, மூலையிற் கிடந்த துவிச்சக்கரவண்டிகள் மீண்டும் வெளிவந்தன. உத்தியோகத்தர்களும் அவற்றிலே கந்தோருக்குச் சென்றனர். ஊர்தி மீண்டுவந்தது, அவ்வூர்தியோடு முன்பு கூடியிருந்த வழக்கங்கள் மீண்டனவா என்பதே கேள்வி.

அவ்வழக்கங்கள் யாவை? ஆசிரியர் எதிர்ப்படின் இறங்கி நின்று, அவர் கடந்தபின் ஏறுதல். பிரேத ஊர்வலம் வரின் இறங்கி ஓரமாய் நிற்றல். கோயில் வாசலிலும் தேவாலய வாசலிலும் கூட்டம் நிற்குமாயின் உருட்டிச் செல்லுதல். முதியோர் ஒருவர் ஒழுங்கையிலே வரின், வேலியோரம் ஒதுங்கி அவர்க்கு வழிவிடுதல். இவற்றைக் கற்பித்த பாடநூல் எதுவுமில்லை. கண்டு கற்றனர், கற்றதைச் செய்தனர். இவை யாவும் குறையற நடந்தன என்று கூற யாம் முற்படவில்லை. அக்காலத்தும் முரடர் இருந்தனர். ஆயினும் முரடனை முரடனென்று ஊர் அறிந்திருந்தது. இக்காலத்திலோ விரைந்து செல்பவனைச் சாமர்த்தியசாலி என்று மெச்சும் வழக்கம் பரவிவிட்டது.

யாம் இங்கே வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. துவிச்சக்கரவண்டி ஊர்வோன் வீதியிலே நடுவணவன். நடப்பவன் ஒரு மணிநேரத்திலே ஏறக்குறைய 5 கிலோமீற்றர் செல்வான். துவிச்சக்கரவண்டியிற் செல்பவன் அதனின் மும்மடங்காய் 15 கிலோமீற்றர் செல்வான். மோட்டார் ஊர்தியில் ஊர்வீதியிலே செல்பவன் அதனினும் மும்மடங்காய் 45 கிலோமீற்றர் செல்வான். வேகம் மும்மடங்காயின் மோதும் சக்தி ஒன்பது மடங்காகும் என்பது பௌதிகம் பயிலும் மாணவர் அறிந்ததே. நிறை கூடுமாயின் இன்னும் பெருகும். ஆகவே, மோட்டார் ஊர்தி நமக்கு எத்துணை அச்சத்தைத் தருகின்றதோ, ஏறக்குறைய அத்தன்மையதான அச்சத்தையே நாம் நடப்பவர்க்குத் தருகின்றோம். பின்னே வரும் பஸ்சின் ஊதொலி கேட்டு நெஞ்சு துணுக்குறும் மாணவன், அடுத்த கணமே தன் முன்னே நடக்கும் மூதாட்டியின் முழங்கையை உரசிக்கொண்டு செல்வானாயின், அவன் பஸ் ஓட்டுவோனைக் குறைகூறும் உரிமையை இழக்கின்றான். மலைப்பிரசங்கத்திலே சொல்லப்பட்ட பொன்விதியைக் கற்பதற்கு, மேலும் கீழும் ஒருங்கே நோக்கவல்ல இந்நடுவிடத்தினும் தக்கதொரு பள்ளிக்கூடம் இல்லை.

இக்கருத்தை மனத்திருத்தி, அன்றாடச் செயல்கள் சிலவற்றை ஆராய்வோம்.

முதலாவது மணி. மணி எதற்காக? விலகு என்று கட்டளையிடுவதற்கென்றே பலர் எண்ணுகின்றனர். அஃது தவறு. நான் வருகின்றேன் என்று அறிவிப்பதே மணியின் தொழில். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன் ஒரு விநாடியிலே 5 மீற்றர் கடக்கின்றான். நடப்பவர்க்கு 5 மீற்றர் பின்னே வந்து மணியடிப்பவன், அவர்க்கு ஒரு விநாடி அளவே அவகாசம் கொடுக்கின்றான். அந்த ஒரு விநாடியிலே அவர் மணியொலியைக் கேட்டு, எப்பக்கத்தினின்று வருகின்றதென்று அறிந்து, எப்பக்கம் விலகுவதென்று துணியவேண்டும். அது மனிதர்க்கு இயலாது. திடுக்குற்றவர் தோளின்மேலாகத் திரும்பிப் பார்ப்பர். திரும்பும் பக்கத்திலேயே உடலும் சாயும். வலப்பக்கத்தால் முந்தவரும் வண்டியின் வழியிலேயே அவர் வந்து நிற்பர். பின்பு அவரையே கண்ணில்லையோ என்று கடிவர்! பதினைந்து இருபது மீற்றருக்கு முன்பே ஒருமுறை மென்மையாய் அடித்து, வேகத்தைக் குறைத்து, அவர் அறிந்துகொண்டார் என்பது தெரிந்தபின், போதிய இடம் விட்டுக் கடப்பதே முறை. கடக்கும்போது ஒரு நன்றியுரை கூறுவோமாயின், மணியினாற் பிறந்த சிறு கலக்கமும் அகன்றுவிடும்.

இரண்டாவது ஒழுங்கை. நம் ஒழுங்கைகள் குறுகியன, வளைவுகள் மிக்கன. முற்காலத்துக் கிடுகுவேலியும் பனையோலைவேலியும் இருந்த இடங்களிலே இப்போது உயர்ந்த மதில்கள் எழுந்துவிட்டன. முடக்கிலே எதிரே வருபவர் யார் என்பது அண்மித்தாலன்றித் தெரியாது. அவ்விடத்திலே வேகம் குறையாது திரும்புபவன், அங்கே எவரும் வரமாட்டார் என்று பந்தயம் கட்டுகின்றான். ஆனால் தோற்றாற் பணையம் கொடுப்பவர் மற்றவர். பொம்மை தேடி ஓடிவரும் குழந்தைக்கும், நீர்க்குடம் ஏந்திவரும் பெண்ணுக்கும் அந்த முடக்கு முன்வாசல் போன்றது. தன் வீட்டு வாசலிலே ஒருவர்க்கு அச்சம் உண்டாகச் செய்தல் பெருங்குற்றம்.

மூன்றாவது, மணியினாற் பயன்கொள்ள மாட்டாதவர். நம் வீதிகளிலே நடப்போர் யாவரும் செவியும் கண்ணும் காலும் குறைவற உடையவர் அல்லர். முதுமையாற் செவி குன்றியோர் பலர். வெடியோசையினாற் செவிப்புலனையும், மிதிவெடியினாற் காலையும் இழந்தோர் நம்மிடையே வாழ்கின்றனர். ஊன்றுகோலும் பொய்க்காலும் சக்கர நாற்காலியும் நம் ஊரிலே அரிய காட்சிகள் அல்ல. கைதடியிலே நஃபீல்ட் பாடசாலை, கட்புலனோ செவிப்புலனோ அற்ற பிள்ளைகளைப் பயிற்றுகின்றது. அப்பிள்ளைகளும் வளர்ந்து நம் வீதிகளிலே நடப்பவரே. வெண்கோலுடன் நடப்பவர்க்குச் சத்தமின்றி வரும் துவிச்சக்கரவண்டி, இரைந்து வரும் லொறியினும் அபாயமுள்ளது. லொறி வருவதை அவர் கேட்பார், வண்டி வருவதைக் கேளார். மணியடித்தும் ஒருவர் விலகவில்லையாயின், அவர் பிடிவாதக்காரர் என்று முடிவுசெய்யாது, அவர் கேட்கவில்லை என்று கொள்க. பின்னே நின்று மணியைப் பலமுறை அடிப்பதினும், இறங்கி நாலடி நடந்து கடப்பது இலகுவன்றோ?

நான்காவது, பெண்பிள்ளைகளிடத்து நடந்துகொள்ளும் முறை. விடியலிலும் மாலையிலும் தனியார் கல்வி நிலையங்களுக்கு அவர்கள் துவிச்சக்கரவண்டியிலேயே சென்றுவருகின்றனர். ஒரு பெண்பிள்ளை அச்சமின்றி வண்டியேறிப் படிக்கச் செல்வது, நம் சமூகம் பெற்ற பேறுகளுள் ஒன்று. அவளைத் தொடர்ந்து செல்வதும், இருபக்கமும் நெருங்கி ஓட்டுவதும், காரணமின்றி மணியடித்து நகைப்பதும் விளையாட்டென்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். அந்த விளையாட்டின் முடிவு யாது? பெற்றோர் அஞ்சி அவளை வீட்டில் நிறுத்துவர். ஒரு மாணவியின் கல்வி அதனாற் குன்றும். வழியை மறிப்பது வேறு, வாழ்வை மறிப்பது வேறு என்று பிரிக்க முடியாத இடம் இது. இதைச் செய்பவனைத் தடுக்காது உடன் செல்பவனும் அக்குற்றத்திற் பங்காளியே.

ஐந்தாவது விளக்கும் செவியும். முன்பு சக்கரத்தோடு உரசும் டைனமோவினால் எரிந்த விளக்குப் பல வண்டிகளில் இன்றில்லை. வீதிவிளக்கு உள்ளபோது நமக்கு வழி தெரிகின்றதே, விளக்கு எதற்கு என்பர். விளக்கு நாம் காண்பதற்கு மாத்திரமன்று. நம்மைப் பிறர் காண்பதற்குமாம். இருளிலே விளக்கின்றி வருபவன், தன்னைக் காணாது மோதியவனைக் குற்றவாளியாக்குகின்றான். அவ்வாறே, செவிகளை இசைக்கருவியால் அடைத்துக்கொண்டு செல்பவன் வீதியிலே தன்னைத் தானே செவிடாக்கிக்கொள்கின்றான். ஒரு கையாற் கைப்பேசியை நோக்கி மறுகையால் வண்டியைச் செலுத்துபவனைப்பற்றிக் கூறவேண்டியதில்லை. அவன் வழியிலே இல்லை, வேறோரிடத்தில் இருக்கின்றான்.

ஆறாவது, நண்பர்கள் வரிசையாய்ச் செல்லுதல். பாடசாலை விட்டதும் மூவரும் நால்வருமாய், ஒருவர் தோளிலே ஒருவர் கையை வைத்து, வீதி முழுவதையும் நிரப்பிக்கொண்டு செல்லும் இன்பத்தை யாம் அறிவோம். பேச்சின் இனிமையை மறுப்பார் யார்? ஆயினும் பின்னே ஒருவர் வருவதை அறிந்த அளவிலே, சொல்லாமலே ஒருவர் பின் ஒருவராய் அமைவது நல்ல பழக்கம். பின்னே வருபவர் வைத்தியசாலைக்கு விரையும் ஒருவராய் இருக்கலாம். அவர் மணியடித்துக் கேட்டபின் கொடுக்கும் வழியினும், கேட்குமுன் கொடுக்கும் வழி மேலானது.

இவ்வளவும் கேட்ட ஒருவர் நம்மை நோக்கி இவ்வாறு வினவலாம்: “வீதியிலே மனிதரைக் கொல்வது மோட்டார் ஊர்தியேயன்றித் துவிச்சக்கரவண்டியன்றே! எளியவனாகிய வண்டிக்காரனுக்கு உபதேசம் செய்வானேன்?” இவ்வினா நியாயமானதே. உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டிலே உலக முழுவதும் வீதி விபத்துக்களால் இறந்தோர் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவருள் நடப்போர் நூற்றுக்கு 23 பேர். துவிச்சக்கரவண்டியிற் செல்வோர் நூற்றுக்கு 6 பேர். இவர்களை இம்முடிவுக்கு ஆளாக்குவது பெரும்பாலும் மோட்டார் ஊர்தியின் வேகமேயாம். ஆகவே வேகத்தை அடக்கும் கடமை முதலாவதாக மோட்டார் ஊர்வோரையும், வீதி அமைப்போரையும், சட்டம் நடத்துவோரையும் சாரும். பெரியதொரு வீதியை அமைப்போர் அதன் ஓரத்திலே நடப்பவர்க்கும் துவிச்சக்கரவண்டிக்கும் இடம் ஒதுக்காது விடுவராயின், அவ்விருவரையும் ஒரே குறுகிய ஓரத்திலே தள்ளிப் பிணங்கவிடும் குற்றம் அவரைச் சேரும்.

எனினும், பெரியவனுக்குப் பொருந்தும் நியாயம் நடுவணவனுக்கும் பொருந்தும். பிரித்தானிய வீதிநெறி நூல் 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே திருத்தப்பட்டபோது இதனையே முறையாக வகுத்தது. பிறர்க்கு மிகுந்த கேடு விளைக்கவல்லவர் எவரோ, அவர்க்கே மிகுந்த பொறுப்பு உண்டு என்பது அதன் சாரம். லொறிக்குக் காரினும் பொறுப்பு மிகுதி. காருக்குத் துவிச்சக்கரவண்டியினும் மிகுதி. துவிச்சக்கரவண்டிக்கு நடப்பவரினும் மிகுதி. கார் ஓட்டுவோர் துவிச்சக்கரவண்டியைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீற்றர் இடைவெளி விடுமாறு அந்நூல் கூறுகின்றது. துவிச்சக்கரவண்டி ஊர்வோர் நடப்பவரை நெருங்கியும் விரைந்தும் கடத்தலாகாது எனவும் கூறுகின்றது. ஒரு கையால் உரிமையைப் பெறுபவன் மறுகையாற் கடமையைக் கொடுக்கின்றான். அன்றியும், துவிச்சக்கரவண்டியினாற் கொலை அரிதாயினும் கேடு அரிதன்று. எழுபது வயதுடைய ஒருவர் தள்ளுண்டு விழுந்து தொடையெலும்பு முறிவாராயின், அவர் மீண்டும் தன் காலால் நடப்பதே அரிதாகலாம். விழாவிட்டாலும், அஞ்சி வீட்டினுள்ளே ஒடுங்குவாராயின் அதுவும் ஒரு நட்டமே. மாலைப்பொழுதிலே கோயிலுக்கும் சந்தைக்கும் தனியே சென்றுவந்த கிழவர், வண்டிகளுக்கு அஞ்சி வாசலோடு நின்றுவிடுவாராயின், அந்தக் கணக்கை எந்தப் பொலிஸ் நிலையமும் பதிவுசெய்யாது.

நடப்பவர்க்கும் கடமை இல்லாமலில்லை. வீதியின் நடுவே கூட்டமாய் நின்று உரையாடுதலும், முன்பின் பாராது குறுக்கே புகுதலும், வளர்ப்பு மாட்டை வீதிக்குக் குறுக்கே நீண்ட கயிற்றிலே கட்டுதலும், முள்ளையும் கண்ணாடித் துண்டையும் ஒழுங்கையிலே எறிதலும் பிறரிடத்து இரக்கமின்மையேயாம். விசேடமாக, சுமையேற்றி வரும் துவிச்சக்கரவண்டிக்கு நடப்பவரே வழிவிடுதல் தகும். வெங்காயமூட்டையோ ஓலைக்கட்டோ ஏற்றி எதிர்காற்றிலே மிதித்துவரும் ஒருவன், ஒருமுறை நின்றுவிட்டால் மீண்டும் ஏறிப் புறப்படுதல் எத்துணைக் கடினம் என்பதை மிதித்தவரே அறிவர். அவனுக்காக ஓரடி விலகுவதால் நமக்கு வரும் நட்டம் யாது? ஆகவே இருதிறத்தார்க்கும் பொதுவான நெறியை இவ்வாறு சுருக்கிக் கூறலாம்: கேடு விளைக்கவல்லவன் முதலில் எச்சரிக்கையாயிருக்க, நிற்றல் எவனுக்கு எளிதோ அவன் நிற்க.

நிற்றலும் இறங்குதலும் இழிவென்று இளைஞர் எண்ணுவதே இந்நெறிக்குப் பெருந்தடை. இவ்வெண்ணம் பொருளற்றது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உற்சவ காலத்திலே, இருபத்தைந்து நாளும் கோயிலைச் சூழ்ந்த வீதிகளிலே ஊர்திகள் நிறுத்தப்படுகின்றன. செல்வரும் வறியரும், உத்தியோகத்தரும் மாணவரும் தத்தம் வண்டிகளை அப்புறத்தே நிறுத்திவிட்டு நடந்தே செல்கின்றனர். அதனால் ஒருவருடைய மதிப்பும் குறைந்ததாக யாம் கேட்டதில்லை. எம்மதத்தினராயினும் அக்காட்சியினின்று கற்கத்தக்கது ஒன்றுண்டு: நடப்பவர் கூட்டமாய் உள்ள இடத்திலே நாமும் நடப்பவராதலே அழகு. இருபத்தைந்து நாட்களுக்கு இயல்வது, பாடசாலை வாசலிலே பத்து நிமிடங்களுக்கு இயலாதோ?

இதனால் நம் கல்லூரியார்க்கு யாம் கூறவிரும்புவது மூன்று. பிற்பகல் 1.30 மணிக்குப் பாடசாலை விடும்போது, கீழ்வகுப்புப் பிள்ளைகளும் அவர்களை அழைக்க வந்த தாய்மாரும் வாசலிலே நெருங்கி நிற்கின்றனர். அவ்வேளையிலே மேல்வகுப்பு மாணவர் வளவினுள்ளே வண்டியில் ஏறாது, வாசலைக் கடந்து கூட்டம் கலையும் இடம் வரையும் உருட்டிச் செல்வாராக. இதனைத் தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் விதியாக்காது, மாணவத் தலைவர் தாமே முன்னின்று செய்து காட்டும் வழக்கமாக்குதல் நன்று. விதி காவலாளன் உள்ளபோது நிற்கும், வழக்கம் அவன் இல்லாதபோதும் நிற்கும். இரண்டாவது, ஆசிரியப் பெருமக்கள் தாமும் அவ்வாசலிலே மோட்டார்ச் சைக்கிளின் இயந்திரத்தை நிறுத்தி உருட்டிச் செல்வாராயின், ஓராண்டுப் போதனையினும் அது மிக்க பயன் தரும். மூன்றாவது, ஆண்டுவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் கார்களிலே வரும் பழைய மாணவர்க்கு. நீவிர் இவ்வாசலாலே துவிச்சக்கரவண்டியில் நுழைந்த காலம் உண்டு. இன்று உம் ஊர்தி பெரிதாயிற்று. ஆகவே உம் பொறுப்பும் பெரிதாயிற்று. வாசலிலே ஒரு சிறுவன் வண்டியை உருட்டிக்கொண்டு கடக்கும்வரை நீவிர் காத்திருப்பதை அவன் காண்பானாயின், தான் ஒரு முதியவர்க்காகக் காத்திருக்க அவன் கற்றுக்கொள்வான்.

இவை செய்தற்குப் பணம் வேண்டுவதில்லை. குழு கூட்டித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுவதுமில்லை. நாளை காலையிலேயே தொடங்கலாம். முன்னே நடப்பவர் இன்னார் என்று நாம் அறியோம். அவர் நம்மைத் திரும்பிப் பார்க்கவும் மாட்டார். அவர் அச்சமின்றி நடந்து தம் வீடு சேர்வாராயின், அவ்வழியிலே நாம் செய்யவேண்டியதைச் செய்தோம் என்பதற்கு அதுவே சான்றாகும்.